'எனக்கு' என்று சொல்ல ஓர் ஆள்

ஒரு டாக்டர், தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே, தன் அறைக்கு வெளியே, கையில் டோக்கனோடு, தன்னுடைய நோயாளிகளுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து முறைக்காகக் காத்திருந்தார். உள்ளே அவருடைய சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது இன்னொரு டாக்டர் இல்லை. வாஷிங் மெஷின் கம்பெனியில் போன் எடுக்கும் ஒரு பெண். அவளும் அந்த டாக்டரின் நோயாளிதான்.

நம்ப வேண்டாம். அவசரமே இல்லை. இதைக் கேட்டு எதிர்வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் அவருடைய பல்செட் கழன்று டீக்குள் விழுந்து, அவர் மிச்ச டீயையும் விடாமல் குடித்தார். அந்தப் பெண்ணின் அத்தையோ சிரிக்கக்கூட இல்லை. பொய்யைக் கேட்டுச் சிரிப்பது பொய் சொன்னவருக்குக் கொடுக்கும் மரியாதை என்பது அத்தையின் கட்சி.

எல்லாம் தொடங்கியபோது அந்தப் பெண் தன் ஆபீஸில் மேஜைக்கு அடியில் படுத்திருந்தாள்.

படுத்தபடியே வேலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் மாட்டிய ஹெட்போன் வழியாக ஒரு வாடிக்கையாளரிடம், "உங்க மெஷின் எப்பலேர்ந்து ஆடுது மேடம்?" என்று தேனாகக் கேட்டுக்கொண்டே, முழங்கால்களை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். மாதாமாதம் இப்படித்தான். யாரோ அடிவயிற்றுக்குள் கையை விட்டு ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போன்ற வலி. துணி காய்ந்து சருகான பிறகும் பிழிவதை நிறுத்துவதில்லை.

அவளுக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. புகார்ப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வீட்டிலும் தெருவிலும் அவள் 'புகார்'தான். "புகாருக்குத் தட்டு வைச்சாச்சா?" என்றுதான் அம்மாவே கேட்பாள். உலகத்தில் உள்ளவர்கள் எல்லோருடைய குறையையும் கேட்டு எழுதிக்கொள்ளும் அந்தப் பெண்ணுக்குத் தன் குறையைச் சொல்ல மட்டும் வாய் வராது. அதுதான் வியாதியைவிடப் பெரிய வியாதி.

புகார்ப் பிரிவில் சில சட்டங்கள் உண்டு. பேசுகிறவரைக் குறுக்கே வெட்டக் கூடாது. எப்போதிலிருந்து, எந்த மாதிரி சத்தம், அதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். அவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் ஒரு சட்டமும் இருந்தது. புகாரை மெக்கானிக்கிடம் சொல்லும்போது 'அவங்க மெஷின் ஆடுது' என்று சொல்லக் கூடாது. 'என் மெஷின் ஆடுது' என்றுதான் சொல்ல வேண்டும். யாரோ ஒருத்தர் மெஷின் என்றால் மெக்கானிக் டீ குடிக்கப் போய்விடுவார். எதிரில் நிற்பவளின் மெஷின் என்றால் ஓடுவார் என்று கண்டுபிடித்தவர் மேலாளர். இதில் நம் புகாரை மிஞ்ச ஆள் கிடையாது. "என் மெஷின் குதிச்சுக் குதிச்சு வாசல் வரைக்கும் போயிடுச்சுண்ணா" என்று அவள் ஒருமுறை தழுதழுத்ததில், முரட்டு மெக்கானிக் ஒருவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

வீட்டில் அம்மா டாக்டரிடம் போகச் சொன்னாள். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. அத்தை அப்பாவின் அக்கா. அந்த வீட்டில் கடைசித் தீர்ப்பு அவருடையது.

"எங்களுக்கெல்லாம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குக் காத்தடிச்சாலே வலிக்குது" என்றார் அத்தை.

அப்பா செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். பெண்கள் சமாச்சாரம் என்றால் அவருக்குச் செய்தித்தாள்தான் கூரை.

புகார் டாக்டரிடம் போனாள். அங்கேதான் அந்த விசித்திரம் நடந்தது. "என்ன பண்ணுது?" என்று டாக்டர் கேட்டவுடன் அவளுடைய வலி மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டது. அடிவயிற்றில் இருந்த வலி, மேல்வயிற்றுக்கு வந்து, நெஞ்சைத் தாண்டி, தொண்டையில் கொஞ்சம் மூச்சு வாங்கி, வாய்க்கு வந்தபோது தலைவலி ஆகிவிட்டது. தலைவலி மாத்திரையோடு வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த டாக்டரிடம் கண்ணை மூடிக்கொண்டு 'வயிறு' என்று சொல்லியே விட்டாள். அவர் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றதும், கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அதைச் சாப்பாட்டுக்கு முன்னால் செய்துகொள்ள வேண்டுமா பின்னாலா என்று கேட்க அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது, கேட்கவில்லை. அதற்கடுத்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, அவள் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் வாயு மாத்திரை எழுதிவிட்டார். நம்ம ஆபீஸில் இப்படிப் போன் எடுத்தால் அன்று சாயந்திரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பக்கத்து சீட்டுக்காரிக்கும் இதே கதிதான். அவள் பெயர் 'சிரிப்பு'. சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடக்கும், முடி கொத்துக்கொத்தாக வரும், எல்லோரும் போர்த்திக்கொள்ளும்போதும் அவளுக்கு வியர்வை ஆறாகக் கொட்டும். ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் பயத்தில் சிரிப்பு வந்துவிடும். அவள் சிரிக்க, டாக்டரும் சிரிக்க, நர்ஸும் சிரிக்க, எல்லோருமாகச் சேர்ந்து சந்தோஷமாக ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை காலை இருவரும் போனார்கள். நீளமான வராந்தா. சுவரோரம் பெஞ்சு நிறைய இளம்பெண்கள். எல்லோரும் அவரவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டோக்கன் கொடுக்கும் அக்காவுக்கு யார் எப்போது வந்தார்கள், யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். அவரைத் தாண்டி ஒரு ஈ உள்ளே போனாலும் டோக்கனோடுதான் போக வேண்டும்.

காத்திருந்த நேரத்தில் பழக்க தோஷத்தில் புகார் தோழியிடம் விசாரிக்க ஆரம்பித்தாள். எப்போதிலிருந்து படபடப்பு, படி ஏறினாலா, படுத்திருந்தாலுமா, அதற்கு முன்னால் என்ன மாறியது. யாரும் குறுக்கே பேசாததால் சிரிப்பு சிரிக்காமலே முழுக்கச் சொல்லி முடித்தாள். முடித்ததும் அவளுக்கே திகைப்பாக இருந்தது.

"இத நீயே உள்ள வந்து சொல்லிடேன். உன்னோடத நான் சொல்றேன்" என்றாள் சிரிப்பு.

இதைவிட நல்ல யோசனை அதுவரை உலகத்தில் யாருக்கும் தோன்றியதில்லை என்று இருவரும் நினைத்தார்கள்.

உள்ளே போனார்கள். புகார் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆபீஸ் பழக்கப்படி ஆரம்பித்தாள்.

"எனக்கு நெஞ்சு படபடங்குது டாக்டர். சும்மா உக்காந்திருக்கும்போதே யாரோ உள்ள ஓடற மாதிரி இருக்கு."

டாக்டரம்மா கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, புகாரின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிவிட்டார். அப்போதுதான் புகாருக்குத் தான் செய்தது உறைத்தது. சொல்லிவிடலாம் என்று திரும்பினால், பக்கத்தில் தோழி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். துணைக்கு வந்த பெண் வெளியே இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. இப்போது சொன்னால் சண்டைக்கு வந்தது போல் ஆகிவிடுமே என்று புகார் பேசாமல் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். ரத்தப் பரிசோதனை அறையில் மட்டும் சிரிப்பு முந்திக்கொண்டு தன் கையை நீட்டியதால், ரத்தமாவது சரியான உடம்பிலிருந்து போனது.

ஆனால் புகாரின் முறை தீர்ந்துவிட்டது. அவளுடைய வயிற்றைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. புது டோக்கன் வாங்கிக்கொண்டு மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை உள்ளே போனதும் முதல் வேலையாக உண்மையைச் சொல்லிவிடுவது, அப்புறம் தன் வலியைச் சொல்வது என்று முடிவு.

பக்கத்தில் இருந்த பெண் மெதுவாக நகர்ந்து வந்தாள். இவர்கள் பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறாள். சொல்ல முடியாத இடத்தில் அரிப்பு, ஆம்பளை கம்பவுண்டர் முன்னால் கூச்சப்பட்டு முழங்கை என்று சொல்லி, களிம்பை முழங்கைக்குத் தடவிக்கொண்டு வந்திருக்கிறாள். என்னோடதையும் சொல்ல முடியுமா என்று கேட்டாள். கேட்ட முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்று சொல்லப் புகாருக்கு மனசு வரவில்லை. அவளோடு உள்ளே போனாள். 'இவங்களுக்கு' என்றுதான் தொடங்க நினைத்தாள். பழகிய நாக்கு, "எனக்கு டாக்டர்..." என்று ஓடிவிட்டது.

டாக்டரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

அதற்குள் வராந்தாவில் சேதி பரவி, செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். ராத்திரி தூக்கமே வராத மாணவி ஒருத்தி. விரல்கள் மரத்துப்போகும் தையல்காரி. குழந்தை பிறந்ததிலிருந்து தும்மினால் புடவை நனைந்துவிடும் ஓர் இளம் டீச்சர்; வகுப்பில் யாராவது மிளகாய் என்று சொன்னால்கூட வெளியே ஓடிவிடுவாராம். ஒவ்வொருத்தியோடும் புகார் உள்ளே போனாள். ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லத்தான் போனாள். சொல்ல வாயெடுக்கும்போது பக்கத்தில் இருக்கும் பெண் அவள் கையை இறுக்கிப் பிடிப்பாள். உடனே 'எனக்கு' வந்துவிடும்.

டாக்டரம்மாவின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஒரே பெண். காலையில் படபடப்பு. கொஞ்ச நேரத்தில் அரிப்பு. பிறகு தூக்கமின்மை, மரத்துப்போதல். கல்யாணம் ஆகவில்லை என்று எழுதி வைத்திருக்கிறது. ஆனால் குழந்தை பிறந்ததிலிருந்து தும்மல் தொல்லை. மருத்துவப் புத்தகத்தில் உள்ள நோய்களெல்லாம் ஒன்று விடாமல் அகர வரிசையில் ஒரே உடம்பில் குடியேறி, வாடகைச் சண்டை போட்டுக்கொண்டிருப்பதாக அவர் நினைத்ததில் தப்பே இல்லை. மணியை அழுத்தினார்.

"சக்கர நாற்காலி கொண்டாங்க. இந்தப் பொண்ண ஒரு அடி நடக்க விடாதீங்க" என்றார்.

புகார் மறுத்துச் சொன்ன எதுவும் எடுபடவில்லை. மறுப்பதும் ஒரு நோய்க்குறி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. சக்கர நாற்காலி வராந்தாவில் உருண்டது. அவ்வளவுதான், பெஞ்சில் இருந்த பெண்கள் மொத்தமும் எழுந்து பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

"டாக்டர், அந்தப் படபடப்பு என்னோடது."

"அரிப்பு என்னுதுங்க."

"அவங்களுக்குத் தும்மல் இல்ல டாக்டர். தும்மல் எனக்குத்தான்."

ரயிலில் தொலைத்த பெட்டிகளை அடையாளம் காட்டுவது போல ஒவ்வொருத்தியும் தன்தன் நோயைக் கைநீட்டி உரிமை கொண்டாடினாள். அன்றைக்குக் காலை வரை புருஷனிடம்கூட அதைச் சொல்லியிராத டீச்சர், வராந்தா முழுக்கக் கேட்கும்படி அதை இரண்டு தடவை சொன்னார்.

டாக்டரம்மா சக்கர நாற்காலியை நிறுத்தச் சொன்னார். அவருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கோபம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவருக்கு வந்தது வேறு ஒரு சந்தேகம். குனிந்து, சக்கர நாற்காலியில் இருந்தவளை உற்றுப் பார்த்தார்.

"எல்லாம் இவங்களோடதுன்னா, உனக்கு என்னம்மா?"

"தலைவலி" என்றாள் புகார்.

அப்போது சிரிப்பு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. புகார்ப் பிரிவில் அவளும் வேலை பார்க்கிறவள்தானே.

"எனக்கு மாசாமாசம் அடிவயித்துல ஈரத்துணிய முறுக்கிப் பிழியற மாதிரி வலிக்குது டாக்டர். மேஜைக்கு அடியில படுத்துக்கிட்டு வேலை பாக்கறேன். சொன்னா யாரும் நம்பறதில்ல. இப்பல்லாம் நானே நம்பறதில்ல."

புகார் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி முகத்தைப் பொத்திக்கொண்டாள். தன் வலியை இன்னொருத்தர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரிந்தது.

டாக்டரம்மா குறுக்கே பேசவில்லை. முடியும் வரை கேட்டார். பிறகு எப்போதிலிருந்து என்று கேட்டார். எந்தெந்த நாட்களில், எது செய்தால் கூடுகிறது, அதற்கு முன் எப்படி இருந்தது என்றெல்லாம் கேட்டார். புகார்ப் பிரிவு மேலாளர் பார்த்திருந்தால் அங்கேயே வேலை போட்டுக் கொடுத்திருப்பார்.

"நான் நம்பறேன்" என்றார் கடைசியில். "இது சும்மா வர்ற வலி இல்ல. கர்ப்பப்பைக்கு உள்ள இருக்க வேண்டிய சவ்வு மாதிரி ஒண்ணு வெளியில வளர்ந்திருக்கலாம். இதுக்கு நான் சரியான டாக்டர் இல்ல. யாரு சரியான டாக்டர்னு எனக்குத் தெரியும்."

அந்த டாக்டரிடம் போகும்போதும் சிரிப்பு கூடப் போய் 'எனக்கு' என்று ஆரம்பித்து வைத்தாள். பாதியில் புகாரே வாங்கிக்கொண்டு மிச்சத்தைச் சொல்லி முடித்தாள். டாக்டரம்மா சந்தேகப்பட்டது சரிதான் என்று தெரிந்தது. மருந்து தொடங்கினார்கள். சிரிப்புக்குத் தைராய்டு என்று ரத்தமே சொல்லிவிட்டது. சில மாதங்களில் புகார் தன் மேஜைக்கு மேலே உள்ள உலகத்தை மாதம் முழுவதும் பார்க்க ஆரம்பித்தாள்.

டாக்டரம்மா அவளை விடவில்லை. சனிக்கிழமை காலையில் வந்து, வாய் திறக்காத பெண்களிடம் முதலில் நீ பேசு, பிறகு அவர்களோடு சேர்ந்து என்னிடம் சொல் என்று கேட்டுக்கொண்டார். தன் அறையையே அதற்குக் கொடுத்தார். ஊரில் பாதிப் பெண்கள் அங்கே திரண்டார்கள் என்றால் குறைத்துச் சொல்கிறேன் என்று அர்த்தம். யார், என்ன பேர் என்று யாருக்கும் தெரியாது. 'எனக்குன்னு சொல்ற பொண்ணு' என்றால் ஆட்டோக்காரர்கூடக் கொண்டுவந்து விடுவார். வீட்டில் புகார் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பதும் புகார்ப் பிரிவின் சட்டம். சனிக்கிழமை ஏதோ கூடுதல் வேலை என்றுதான் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான், கதவைத் திறந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டால், டோக்கனோடு உள்ளே வந்தவர் டாக்டரம்மா. வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தார். கூடப் படித்த டாக்டர்களிடம் போனால், உனக்குத் தெரியாததா என்று சொல்லிச் சிரித்துத் தோளில் தட்டி அனுப்பிவிடுகிறார்களாம். எந்த டாக்டரைப் பார்ப்பது என்று அவருக்கே தெரியவில்லையாம். நோயாளி உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் எந்த நோயைச் சொன்னார் என்பது புகாருக்குத்தான் தெரியும். அதை இன்றுவரை அவளிடமிருந்து யாராலும் வாங்க முடியவில்லை.

ஆனால் வெளியே பெஞ்சில் டாக்டரம்மா காத்திருந்ததை வராந்தாவே பார்த்ததே. சிரிப்பு ஒருநாள் வீட்டுக்கு வந்தவள், சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவின் செய்தித்தாள் முதல் முறையாகக் கீழே இறங்கியது. அவர் ஒரு வினாவைப் பிடித்தால் விடை வராமல் தூங்கமாட்டார். டாக்டரே காத்திருந்தாரா, எவ்வளவு நேரம், யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லையா என்று துருவினார்.

அத்தை மட்டும் மோரை ஊற்றிக்கொண்டே அலட்சியமாகச் சொன்னார். டாக்டராம், வரிசையாம், இவகிட்ட யோசனை கேட்டாளாம். சக்கர நாற்காலி என்றாலாவது கொஞ்சம் யோசிக்கலாம். இது சுத்தப் புளுகு. எந்த டாக்டராவது பெஞ்சில் உட்காருவாளா? இந்தப் பொண்ணு சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தாலே தெரியவில்லையா?

சிரிப்பு பதற்றத்தில் இன்னும் அதிகமாகச் சிரித்தாள். சாட்சிக்குப் புகாரைப் பார்த்தாள். புகார் சட்டப்படி தட்டைப் பார்த்தாள். அது அத்தைக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது. பொய் சொன்ன முகம் அப்படித்தான் இருக்கும் என்றார். வலி என்று சொல்லிக்கொண்டு திரிந்ததும் இதே ரகம்தான் என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சுதான் அப்பாவை எழுப்பிவிட்டது. பெண்ணின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டார்.

"நான் நேராவே போய்க் கேட்டுட்டு வர்றேன். டோக்கன் குடுக்கற அம்மா இருக்காங்களாமே. அன்னைக்கு யாருக்குப் பக்கத்துல யாரு உக்காந்திருந்தாங்கன்னு எல்லாம் மனப்பாடமாம்."

அத்தையின் கையிலிருந்த மோர்க் கரண்டி நின்றது.

அப்பா செருப்பைத் தேடினார். ஒரு கால் மாட்டியாயிற்று. மறுகாலுக்குத் துழாவிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து அத்தை கூப்பிட்டார். அவ்வளவு மெல்லிய குரலில் அத்தை பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"போகாதடா தம்பி. நடந்தது வாஸ்தவம்தான். அந்த டாக்டருக்கு அடுத்த டோக்கன் என்னோடது. கதவு திறந்தப்ப உள்ள நம்ம புகார் உக்காந்திருந்தா. அதான் சொல்லாமலே எந்திரிச்சு வந்துட்டேன்."